நாற்காலியைத் திருப்பிய சனிக்கிழமை

காம்னிக்,
நவம்பர், புனித மார்ட்டின் திருநாளுக்கு அடுத்த செவ்வாய்

அன்பு மகள் தார்யாவுக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் குட்டி லீனாவுக்கும் மெல்போர்னில் எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் அப்பா எழுதுகிறேன். இங்கே எனக்குக் குறையொன்றும் இல்லை, மழை வருவதை முழங்கால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான். அம்மாவும் நலம் என்பது வழக்கமாக இதற்கு அடுத்த வரி. அந்த வரியை எழுதிவிட்டு அடித்தேன், வேறு தாள் எடுத்தேன், அதிலும் எழுதி அடித்தேன். பயப்படாதே, படுக்கையில் விழவில்லை, நடமாடுகிறாள், சமைக்கிறாள், என்னை எப்போதும்போல் ஏசுகிறாள். ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது, அதை உனக்குச் சொல்லக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. வீட்டு மின்னஞ்சலை அவள்தான் திறக்கிறாள், திரையில் உன்னோடு பேசும்போது நடுவில் உட்காருவதும் அவள்தான், நான் தனியாக உன்னை அழைத்தாலும் நீ என்னப்பா என்று கேட்ட மாத்திரத்தில் ஒன்றுமில்லையம்மா சும்மாதான் என்று என் வாய் சொல்லிவிடும், என் வாயை எனக்குத் தெரியும். ஆகவே நூலகத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேராகச் சொல்ல எனக்கு வரவில்லை, நடந்ததை நடந்த வரிசையில்தான் எழுத முடிகிறது, பொறுத்துக்கொள், கடைசிவரை படிக்காமல் அம்மாவை அழைக்காதே.

நம் ஆம்ப்ளிஃபயர் உனக்கு நினைவிருக்கும். திரியெஸ்தேயில் வாங்கி, எல்லையில் காட்டாமல் கொண்டுவருவதற்காகப் பின்சீட்டில் வைத்துக் கம்பளி போர்த்தி அதன்மேல் கைக்குழந்தையான உன்னைத் தூங்கப் போட்டோமே, அதுதான். சுங்க அதிகாரி ஜன்னலில் குனிந்தபோது எனக்குச் சட்டை நனைந்துவிட்டது, அம்மா மட்டும் குழந்தை இப்பத்தான் கண்ணசந்திருக்கு, எழுப்பினா நீங்கதான் தாலாட்டுப் பாடணும் என்று அவனிடம் சொன்னாள். அதே பெட்டியில்தான் இப்போது கோயில் பாட்டுக் குழுவின் பயிற்சிப் பதிவுகளைக் கேட்கிறாள். குழுவை இப்போது நடத்துவது நேஷா என்ற பெண், உன்னைவிடச் சின்னவள், கெட்டிக்காரி. அவள் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு செய்து கொடுக்கிறாள், இடது ஸ்பீக்கரில் அவரவர் பாட வேண்டிய குரல் மட்டும் தனியாக வரும், வலது ஸ்பீக்கரில் மற்ற எல்லோரும் வருவார்கள், வீட்டில் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து கேட்டுப் பழகிக்கொண்டு போக வேண்டும். இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்கு எட்டுப் பேர் மட்டும் ஆர்கன் மாடத்தில் நின்று பாடப் போகிறார்கள், கீழ்க்குரலுக்கு அம்மாவைத் தேர்ந்தெடுத்திருந்தாள் நேஷா. அம்மாவுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தேவையில்லை, அடுத்த தெரு மில்காவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்.

செப்டம்பர் கடைசியிலிருந்தே இடது ஸ்பீக்கர் சரியில்லை என்று சொல்லத் தொடங்கினாள். முதலில் மங்கலாக இருக்கிறது என்றாள், பிறகு யாரோ வாயில் துணியை அடைத்துக்கொண்டு பாடுவதுபோல் இருக்கிறது என்றாள். இரண்டு பக்கத்தையும் சமன்படுத்தும் குமிழை முழுக்க இடது பக்கம் திருகிவைப்பாள், தூசி துடைக்கப் போகும்போது நான் அதை நடுவுக்குக் கொண்டுவந்து வைப்பேன், மறுபடி இடதுக்குப் போயிருக்கும், இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பயிற்சியில் அவளுக்குச் சுருதி விலக ஆரம்பித்தது. ஒரு நாள் நேஷா அவளைத் தனியே அழைத்து, எர்னாம்மா, வீட்ல இன்னும் கொஞ்சம் நல்லாக் கேட்டுட்டு வாங்க, நவம்பர் பாதி வரைக்கும் பாக்கறேன், அதுக்கு மேல நான் ஒரு முடிவு எடுத்துத்தான் ஆகணும், தப்பா நினைச்சுக்காதீங்க என்று சொல்லியிருக்கிறாள். அம்மா வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் பெட்டியின் முன்னால் நின்று, என் குரல் எங்க இருக்குன்னே இது காட்டமாட்டேங்குது, நான் எதைக் கேட்டுட்டுப் போறது என்றாள். நானும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாகத்தான் கேட்டது. ஆனால் என் காதை நானே எப்படி நம்புவது சொல். கல்யாணமான புதிதில் அம்மா என்னையும் அந்தக் குழுவில் சேர்க்கக் கூட்டிப்போனாள், அப்போதைய நடத்துநர் இரண்டு வரி கேட்டுவிட்டு, எல்லோருடைய கோட்டுகளையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்படுகிறது என்று மரியாதையாகச் சொன்னார். அதனால் ஆமாம், இடது பக்கம் கொஞ்சம் கம்மிதான் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

நீ போன பிறகு இங்கே ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை தன்னார்வத் தீயணைப்புப் படையின் கூடத்தில், வண்டிகளை முற்றத்துக்கு நகர்த்திவிட்டு உள்ளே மேசை போட்டு, உடைந்த சாமான்களைச் சும்மாவே பழுது பார்த்துக் கொடுக்கிறார்கள். கொண்டுவந்தவரும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், வைத்துவிட்டுப் போக முடியாது. எதாவது சரியாகிவிட்டால் அதன் சொந்தக்காரர் எழுந்துபோய் பழைய தீயணைப்பு வண்டியிலிருந்து கழற்றி மாட்டிய மணியை அடிக்க வேண்டும், எல்லோரும் கை தட்டுவார்கள், கேக் துண்டு ஒன்று கிடைக்கும். நான் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று அனுப்புகிறேன், அதற்கு மேல் என்னை நம்பி எதுவும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டிலேயே ஒயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். நீ அளந்து முடிக்கறதுக்குள்ள ஈஸ்டர் வந்துடும் என்று சொல்லிவிட்டு, பெட்டியையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் காரில் ஏற்றி, நவம்பர் தொடக்கத்தில், சகல புனிதர் திருநாளுக்குப் பிறகு வந்த சனிக்கிழமை அவளே என்னோடு வந்தாள்.

ரேடியோ, ஒலிப்பெட்டி இவற்றைப் பார்ப்பது போகோமிர். அம்மாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர், ரேடியோ தொழிற்சாலையில் இருந்தவர், வேலையைவிடக் குரல் பெரிது. அம்மாவைப் பார்த்ததும், வா எர்னா, எண்ணெய் போட வேண்டியது பெட்டிக்கா உன் தொண்டைக்கா என்றார். முதல்ல உன் கண்ணாடியத் தொடை, மில்காவோட இஸ்திரிப் பெட்டியை ஐஸ் பெட்டியா மாத்திக் குடுத்தவன்தானே நீ என்றாள் அம்மா. அது வோல்டேஜோட குத்தம் என்றார் அவர். ஆமா, உனக்குக் கணக்குல முட்டை வந்ததும் வோல்டேஜாலதான் என்றாள். பக்கத்து மேசையில் கிழிந்த ஸ்வெட்டர்களைச் சரிசெய்யும் பின்னல் வேலைப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். வாசல் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவள் இவ்வளவு குஷியாகப் பேசிப் பல நாள் ஆயிற்றே என்று தோன்றியது.

அம்மா கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து மூடியைத் திறக்க வைத்தார். உள்ளே தூசிக்கு நடுவில் உன்னுடைய சிவப்புக் கொண்டை ஊசி ஒன்று கிடந்தது, மேல் துவாரத்தின் வழியாக நீதான் எப்போதோ போட்டிருக்க வேண்டும். போகோமிர் அதை இடுக்கியால் தூக்கிக் கூடம் முழுக்கக் காட்டி, குற்றவாளி பிடிபட்டாச்சு, மெல்போர்னுக்கு வாரண்ட் அனுப்புங்க என்றார். ஊசியை எடுத்தபின் பாட்டைப் போட்டார், இப்ப என்றார், இல்ல என்றாள் அம்மா. குமிழ்களுக்குள் மருந்து அடித்துச் சுத்தம் செய்தார், இப்ப, இல்ல. உப்பியிருந்த கண்டென்சர் ஒன்றைக் கழற்றி வேறு வைத்துச் சால்டர் பிடித்தார், இப்ப என்றார், அம்மா இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். நேரம் போகப் போக மற்ற மேசைக்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இடது வலது ஒயர்களை மாற்றி மாட்டினார். அப்போது அம்மாவின் குரல்வரிசை வலது ஸ்பீக்கரில் வந்தது, இதோ, இதுதான் என் குரல் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள், ஆனால் இடது பக்கம் போன மற்றவர்கள் மங்கிவிட்டார்கள். அப்படின்னா பெட்டி நல்லாத்தான் இருக்கு, ஸ்பீக்கர்தான் திருடன் என்றார் போகோமிர். ஸ்பீக்கர்களை இடம் மாற்றி வைத்தார். இப்போதும் இடது பக்கம்தான் மங்கல். கடைசியில் எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டு, இந்த இடது சுவர்ல தீயணைப்புக் கோட்டும் குழாயும் தொங்குது பாரு, அதெல்லாம் சத்தத்தைக் குடிச்சுடுது என்றார். இரண்டு பேர் நிஜமாகவே கோட்டுகளை எடுக்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன், தார்யா. திறக்காமல் இருந்திருக்கலாமோ என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். நில அளவையில் நாங்கள் ஒரு காரியம் செய்வோம், ஒரு கோணத்தை அளந்துவிட்டு, கருவியை அப்படியே பின்பக்கமாகப் புரட்டித் திருப்பி அதே கோணத்தை மறுபடி அளப்போம். பிழை கருவியோடு சேர்ந்து திரும்பினால் அது கருவியின் பிழை, திரும்பாமல் நின்றால் வெளியில் இருக்கும் பிழை. வாழ்நாள் முழுவதும் இதைத்தான் செய்தேன். போகோ, எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சு, நாற்காலியை மட்டும் மாத்தலையே, எர்னா ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உக்காந்து கேக்கட்டும், கோட்டுச் சுவர் வலது பக்கம் வந்துடும் என்றேன். போகோமிர் எழுந்து நின்று, இன்ஜினியர் சார் வாயத் தொறந்துட்டாரு, எல்லாரும் தொப்பியைக் கழட்டுங்க என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். பாட்டு வந்தது. இப்ப கேக்குது, என் குரல் கேக்குது, கோட்டுப் பக்கம் நல்லாவே கேக்குது என்றாள். ஆனா இந்தப் பக்கம், என்று சொல்லி இடது கையைத் தூக்கினாள், அந்தக் கை காதுக்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றது. இந்தப் பக்கம் போயிடுச்சு என்றாள்.

உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும், ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாலு பேர் முன்னால் நான் சொன்ன யோசனை ஒன்று இவ்வளவு சுத்தமான விடை கொடுத்தது என் ஞாபகத்தில் இல்லை. பெட்டி இல்லை, ஒயர் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, சுவர் இல்லை என்று மனத்துக்குள் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தேன், மிச்சமிருந்தது நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. போகோமிர் ஏதோ கேலி சொல்ல வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டு, கீழே விழாத ஒரு திருகாணியைக் குனிந்து தேட ஆரம்பித்தார். மற்றவர்களுக்குப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அம்மா எழுந்தாள், பாவாடையை நீவி விட்டுக்கொண்டாள். சரியாயிடுச்சு போகோ, நல்லா வேலை பண்ணிட்ட, மூடியைப் போடு என்றாள். நேராக மணிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்து ஓங்கி அடித்தாள். கூடம் முழுவதும் கை தட்டியது. மணி அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் தொங்கியது, கொஞ்சம் தள்ளி நின்ற பின்னல்காரிகூட இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள், அம்மாவின் முகத்தில் ஓர் இமைகூட அசையவில்லை.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன், உங்கள் ஊர்போல் இல்லை, இங்கே ஓட்டுகிறவர் இடது பக்கம், அவள் என் வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்படி உட்கார்ந்தால் அவளுடைய இடது காதுதானே என் பக்கம் வருகிறது. இந்த இலையுதிர்காலம் முழுவதும் காரில் நான் பேசுவதற்குப் பதில் சொல்லாமல் வந்தாளே, அதற்கு நான் என்ன தவறு செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று துணிந்து எல்லாவற்றையும் சொன்னேன், எர்னா, திங்கட்கிழமையே டாக்டரிடம் போவோம், இது பெட்டியின் கோளாறு இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று, ஆற்றுப் பாலம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதா கேட்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வீட்டு வாசலில் இறங்கியதும், தார்யாகிட்ட மூச்சு விடக் கூடாது, நேஷாகிட்டயும் விடக் கூடாது, காதுல அழுக்கு, அவ்வளவுதான், கிறிஸ்துமஸ் முடியட்டும் பாத்துக்கலாம் என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

இப்போது பின்னோக்கிப் பார்க்கும்போது எல்லாம் தெரிகிறது. வரிசையில் தன்னை இடது கோடிக்கு மாற்றச் சொல்லி நேஷாவைக் கேட்டாள், நடுவில் ஹீட்டர் சூடு அடிக்கிறது என்றாள். கல்லறையில் மெழுகுவர்த்தி வைக்கப் போனபோது எல்லோரையும் தன் வலப்புறம் விட்டு ஓரத்திலேயே நடந்தாள். உன்னோடு பேசும்போது தொலைபேசியை எந்தக் காதில் வைக்கிறாள் என்று இதற்கு முன் பார்த்ததில்லை, இப்போது பார்க்கிறேன். டாக்டரின் கிளினிக்குக்குத் தொலைபேசியில் அழைத்தேன், அம்மாவே அழைத்து நேரம் கேட்க வேண்டும் என்றாள் நர்ஸ், திடீரென்று கேட்காமல் போனதென்றால் நாள் தள்ளக் கூடாது, எப்போதிலிருந்து என்று கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நேஷாவிடமாவது சொல்லலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன், எட்டுப் பேர் நிற்கும்போது கீழ்க்குரலை நடுவில் நிறுத்துவதுதான் அவள் வழக்கம், இடது கோடியில் நிறுத்தினால் அம்மா பிசகாமல் பாடுவாள், இதைத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் வீட்டில் இப்போது நாற்காலியைப் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு வலது காதைக் கொடுத்துக் கேட்கிறாள், முழுப் பாட்டும் தெரிந்துவிட்டது, சமையலறையில் ஒரு சுரம் தவறாமல் பாடுகிறாள். நேஷா கதவைத் திறந்து, சொல்லுங்க ஐயா, என்ன விஷயம் என்றாள். பாட்டுத்தாளில் இன்னொரு பிரதி கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தாள் என் கோட்டுப் பையில்தான் இருக்கிறது, வீட்டில் எடுத்தால் எதற்கு என்று கேட்பாள். வருகிற ஞாயிறு நேஷா முடிவு சொல்லும் நாள். இந்தக் கடிதம் அதற்குள் உன்னிடம் வந்து சேராது என்று எனக்குத் தெரியும், விரைவு அஞ்சலில் அனுப்பினால் வீட்டு எண்ணுக்குச் செய்தி வரும் என்று தபால்காரப் பெண் சொன்னாள், அதனால் சாதாரணத் தபால்தான். பாட்டு போனாலும் போகட்டும், காது போகக் கூடாது, அதற்குத்தான் உனக்கு எழுதுகிறேன். நீ சொன்னால் கேட்பாள். நான் எழுதியது தெரியாமல் எப்படிச் சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன், லீனாவுக்குக் காது வலி வந்தது, அங்குள்ள டாக்டர் குடும்பத்தில் எல்லோரும் காதைக் காட்டச் சொன்னார் என்று சொல்லலாமா, பெற்ற மகளைப் பொய் சொல்லச் சொல்வது தகப்பனுக்கு அழகில்லை, குழந்தையின் பெயரில் நோயைச் சொல்வதும் நல்லதில்லை, நீயே நல்லதாக ஒன்று கண்டுபிடி.

மற்றபடி இங்கே செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. வாதுமை இந்த ஆண்டு நன்றாகக் காய்த்தது, அம்மா உனக்கென்று உடைத்து எடுத்து வைத்திருக்கிறாள், அனுப்பினால் உங்கள் ஊர்ச் சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சொன்னால் கேட்பதில்லை. குளிர்கால டயர் மாற்றிவிட்டேன். மார்ட்டின் திருநாளுக்கு வாத்து சமைத்தோம், இரண்டு பேருக்கு அது அதிகம். உன் கொண்டை ஊசியை இதோடு வைக்க நினைத்தேன், அம்மா அதை ஆம்ப்ளிஃபயர் மேலேயே வைத்திருக்கிறாள், எடுத்தால் தெரிந்துவிடும். சாப்பாட்டு மேசையில் நான் எப்போதும் அவளுக்கு இடது பக்கம் உட்காருவேன் இல்லையா, ஞாயிற்றுக்கிழமை நான் போய் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன், அது அவளுக்கு வலது பக்கம். அது தார்யா இடம் என்றாள். இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றேன். மழை நாள், எங்கேயும் வெளிச்சம் இல்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், பிறகு என் சூப்புத் தட்டை எடுத்து உன் இடத்தில் வைத்தாள். அன்றிலிருந்து அங்கேதான் சாப்பிடுகிறேன். நான் சொல்வதெல்லாம் இப்போது அவளுக்கு நன்றாகக் கேட்கிறது, என்ன சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நீ வரும்போது உன் இடத்தை உனக்கு விட்டுவிடுகிறேன். கடவுள் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும், லீனாவின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு, வெயிலில் தொப்பி இல்லாமல் விடாதே. அம்மாவை அழைக்கும்போது அங்கே மாலை, இங்கே காலை பத்து மணி இருக்கும்படி அழை, அந்நேரம் நான் ரொட்டி வாங்கப் போயிருப்பேன், அவள் தனியாக இருப்பாள். மெதுவாகப் பேசு. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா
லோவ்ரோ